மாடியில் காய்ந்த வில்

1

இந்தப் பங்குனியோடு நான் இலங்கைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மண்டபம் முகாமில் ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்து, தலைமன்னாரில் இறங்கி, ரயிலிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து வட்டவளை தாண்டும்போது பல் கிட்டியது இன்னும் நினைவிருக்கிறது. லால்குடி வெயிலில் வளர்ந்தவனிடம் கம்பளி ஏது. எதிரில் இருந்த ஒரு பெரியவர் தன் சாக்கில் பாதியை என் முழங்கால் மேல் இழுத்துவிட்டார்.

நம் பக்கத்துப் பத்திரிகை ஆசிரியர், "கால் நூற்றாண்டு மலைநாட்டு அனுபவத்தை எழுதி அனுப்புங்கள், பனி, தேயிலை, அட்டை எல்லாம் வரட்டும்" என்று கேட்டிருக்கிறார். பனி வரும். அட்டையும் வேண்டுமானால் வரும். ஆனால் இந்த வருஷம் என் மனசை அடைத்துக்கொண்டிருப்பது ஒரு மனிதர் மேல் எனக்கிருக்கும் பொறாமை. அதை மறைத்துவிட்டு அட்டையைப் பற்றி நாலு பக்கம் எழுத எனக்கு வரவில்லை.

நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை என் பொறுப்பு. அது மலையில் நிற்கும்வரை கண்டாக்கையா பொறுப்பு. கண்டாக்கு என்றதும் நீங்கள் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அது வெளிவேலை முழுவதையும் நடத்துகிற உத்தியோகம். எங்கள் கண்டாக்கையா பெயர் வேலாயுதம். வயசு என் வயசுதான், நாற்பத்தைந்து. பிறந்தது இங்கேயே, வட்டவளைப் பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில். நான் பொறாமைப்படுவது அவர் மேல்.

2

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது வில்வித்தை. ஊரில் சொன்னால் சிரிப்பீர்கள், இந்த வயசில் ராமர் வேஷமா என்று. பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, எடுத்துப்போக முடியாத நாலு மரவில்லையும் ஒரு கட்டு அம்பையும் வட்டம் வட்டமாகச் சாயம் பூசிய இலக்குத் துணியையும் உத்தியோகஸ்தர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மானாப்புல்லைக் கட்டுக்கட்டாக இறுக்கி அதன் மேல் துணியைப் போர்த்தினோம். விளையாட்டாகத் தொடங்கினோம். பக்கத்துத் தோட்டங்களிலும் அதே மாதிரி துரைமார் விட்டுப்போன வில்கள் கிடந்தன. அங்கே தொற்றி, இங்கே தொற்றி, இப்போது வருஷா வருஷம் மார்ச்சில், தரை காய்ந்திருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் கூடிப் போட்டி நடத்துகிறோம். பரிசு ஒரு பித்தளைக் கோப்பை.

முதல் இரண்டு வருஷம் கோப்பை என் வீட்டு ஜன்னலில் இருந்தது. போன வருஷம் வேலாயுதம் தட்டிக்கொண்டு போனார். நாலில் நீளமான வில் அவருடையது. அவர் கைக்கும் அளவெடுத்துச் செய்தது மாதிரி அமைந்துவிட்டது. இழுப்பார், நிற்பார், விடுவார். எனக்கு அம்பு விட்ட பிறகும் தோள் ஆடும்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. அன்றைக்கு என் மகள் ரோஸ் கைதட்டினாள். பதினாறு வயசுப் பெண், ஹட்டனில் படிக்கிறவள். வேலாயுதம் மாமா என்று சின்ன வயசிலிருந்து அவருக்குப் பின்னால் திரிகிறவள். "மாமா, பிரமாதம்" என்று அவள் ஓடினதை நான் வில்லைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்று சொன்னால் ஞானம் சிரிப்பாள். ஞானம் என் மனைவி. அவள் சிரித்தாலும் நடந்தது அதுதான்.

அடுத்த மார்ச்சில் அவரை ஜெயிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஐப்பசி மழை வரைக்கும் ஒழுங்காகப் பழகினேன். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் வந்தது.

3

இங்கே நமக்குப் பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும், இங்கேயே பிறந்தவர்களும்கூட. நான் மனுப் போட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. விசாரணைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். எந்த வருஷம் வந்தாய், எந்தத் தோட்டத்தில் இருந்தாய், கல்யாணம் எப்போது, ஊருக்கு எத்தனை தடவை போனாய் என்று கேட்டார்கள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது லால்குடிக்கு வந்து, அவரை அடக்கம் செய்து, தங்கச்சி கல்யாணத்தையும் முடித்துவிட்டுத் திரும்பியதில் பதினாலு மாதம் ஓடியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை. தொடர்ந்து இங்கே வசிக்கவில்லை என்று மனுவைத் தள்ளி அந்தக் கடிதம் வந்தது. இனி இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, அதில் தற்காலிக அனுமதி குத்திக்கொண்டு இருக்க வேண்டும். அதுவும் எத்தனை காலத்துக்கோ.

எனக்குப் பரவாயில்லை. ரோஸ் டீச்சராக வேண்டும் என்கிறாள். டீச்சர் பயிற்சிக்குப் பிரஜையாக இருக்க வேண்டும். அவள் இங்கே பிறந்தவள். லால்குடியை அவள் ஒரு படத்தில்கூடப் பார்த்ததில்லை. "ஊருக்குப் போயிடலாமா?" என்று ஒரு நாள் ஞானம் கேட்டதற்கு, "எந்த ஊருக்கு? எங்க ஊரு மஸ்கெலியா" என்றாள் ரோஸ். அவளுக்கு அது குறும்பு இல்லை, சாதாரண பதில்.

கச்சேரிக்கு, அதாவது சர்க்கார் அலுவலகத்துக்குப் போனால் இப்போது எல்லாம் சிங்களத்தில். எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைச் சிங்களம். சாமான் ஏற்ற வருகிற லொறிக்காரர்களிடம் கத்துகிற பாஷை. ஒரு தடவை அங்கிருந்த கிளாக்கரிடம் என் காகிதத்தை நீட்டி, லொறிப் பையனிடம் சொல்லுகிற மாதிரியே "பிடி இதை" என்று சொல்லிவைத்தேன். அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மாலை வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்தார். நான் என்ன சொன்னேன் என்பதே பஸ்ஸில் வரும்போது வேலாயுதம் சொல்லித்தான் தெரிந்தது.

ஆமாம், அவர் கூட வந்திருந்தார். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மனு தள்ளுபடியானதும் அப்பீல் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அழகான சிங்களக் கையெழுத்து. நல்லது செய்கிற ஆளின் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டால்தான் தெரியும். கெட்டவனாக இருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் வில்லைத் தொடவில்லை. மழை ஒரு சாக்கு. கார்த்திகை முழுவதும் வானம் கீழே இறங்கி மலையில் உட்கார்ந்திருந்தது. மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளை பூத்தது. வேலை முடிந்தால் அடுப்படி, அடுப்படியை விட்டால் கம்பளி. என் வில் வீட்டுச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கியது. பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜெயித்து என்ன ஆகப்போகிறது, கோப்பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறவா என்றுதான் தோன்றியது.

4

இனி சொல்லப்போவதை ஞானத்திடம்கூட நான் முதலில் சொல்லவில்லை.

கார்த்திகை ஆரம்பத்தில் வேலாயுதம் தன் வில்லை ஒரு சாக்கில் சுற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்.

"டீமேக்கரையா, நம்ம குவாட்டஸ் சுவரெல்லாம் தண்ணியா வடியுது. இது ஊறிப்போயிடும் போல இருக்கு. ஒங்க மாடில மாட்டி வச்சுக்கிறீங்களா?"

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில்தான் கொழுந்தை வாட்டுவோம். வரிசை வரிசையாகச் சாக்குத் தட்டுகள். கீழே அடுப்பிலிருந்து வருகிற சூட்டுக் காற்றைக் காத்தாடி உள்ளே தள்ளும். மழைக்காலத்தில் தோட்டம் பூராவும் நசநசவென்று கிடக்கும்போது காய்ந்த இடம் அது ஒன்றுதான். அதனால் உத்தியோகஸ்தர் வீட்டுச் சாமான் பாதி அங்கேதான் ஏறும். குடை, பாய், கல்யாணப் பட்டு, குழந்தைத் தொட்டில். மாடியில் வைத்தால் கெடாது என்பது இங்கே எல்லோருக்கும் பழகிப்போன நம்பிக்கை.

அந்த நம்பிக்கை மரச்சாமானுக்குப் பொருந்தாது. முந்தின வருஷம் பெரிய கிளாக்கர் தன் ஆர்மோனியத்தைக் காத்தாடிப் பக்கம் வைத்துப் பலகை வெடித்தது. அவர் அதைப் பூச்சி அரித்தது என்று நினைத்துக்கொண்டார். நான் டீமேக்கர். அந்தச் சூடு எதை எவ்வளவு உறிஞ்சும் என்பது என் தொழில். அதனால்தான் என் வில் என் வீட்டுச் சுவரில் இருந்தது.

வேலாயுதத்தின் வில்லைக் கதவோரத்து ஆணியில், வெளிக்காற்றும் படுகிற இடத்தில் மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அது சரியான இடம்.

பத்து நாள் கழித்து அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. மஸ்கெலியாவில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். ரோஸ் பத்திரத்தை வாங்கிப் பார்த்து, விரலால் முத்திரையைத் தடவினாள். "அப்பா, பாருங்களேன்" என்றாள். நான் பார்த்தேன். லட்டுத் தின்றேன். நல்லது, சந்தோஷம் என்றேன். பிறகு தொழிற்சாலைக்குப் போய், மாடி ஏறி, கதவோரத்து ஆணியிலிருந்து அந்த வில்லை எடுத்துக் காத்தாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான். இருபது அடி நடந்தேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் தப்பாகத் தெரிந்திருக்காது.

5

தை பிறந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

காலையில் பெரட்டுக் கொம்பு ஊதுவதற்கு முன்னால், ஆட்கள் வேலைக்குக் கூடுகிற அந்தக் களத்துக்கு வில்லோடு போய்விடுவேன். புல்லில் உறைபனி நொறுங்கும். விரல் மரத்து நாணைப் பிடித்த இடம் தெரியாது. முதல் நாள் பன்னிரண்டு அம்பு விட்டேன், மூன்று துணியில் பட்டது. மிச்சத்தைத் தேயிலைச் செடிக்குள் குனிந்து தேடியதில் சட்டை பூராவும் பனி. இரண்டாம் நாள் தோள் வலி. மூன்றாம் நாள் நிறுத்திவிடலாம் என்று தோன்றியபோது, மாடியில் அந்த வில் இருக்கிற இடத்தை நினைத்துக்கொண்டேன். எழுந்து போனேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழைய நிலைக்கு வந்தது. நாண் கன்னத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கத் தொடங்கியது. விட்ட பிறகு தோளை அசைக்காமல் மனசுக்குள் மூன்று எண்ணக் கற்றுக்கொண்டேன். மாசிக்குள் பன்னிரண்டில் ஒன்பது, பத்து உள்வட்டங்களில் நின்றது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. ஒரு வேலையாளையும் திட்டவில்லை.

ஞானம் ஒரு நாள் சுடுதண்ணீரில் என் விரல்களை அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, மூணு மாசம் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கிடந்தீங்க. இப்ப யாரு மேல கோவத்துல இப்படி விடுறீங்க?"

"கோவமெல்லாம் இல்ல. போட்டி வருதுல்ல."

"போட்டி வருஷா வருஷம் வருது" என்றாள்.

இடையில் நாலைந்து தடவை மாடி ஏறினேன். கொழுந்தைக் கையில் பிடித்து வாட்டம் பார்க்கிறவன் என்ற சாக்கில், அந்த வில்லையும் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. திரும்பக் கதவோரத்துக்குக் கொண்டுபோக நினைத்தேன். நினைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கினேன்.

6

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேலாயுதம் வந்து வில்லை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஞாயிறு. மாதாகோயிலில் பூசை முடிந்து நாங்கள் வரும்போது அவர் களத்தில் பழகிக்கொண்டிருந்தார். ஆறு அம்பு விட்டார். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து அம்புக்கு இறகு ஒட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். வில் ஒடியவில்லை. ஒடிய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை, வலு குறைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நல்லாக் காஞ்சிருக்கு, டீமேக்கரையா. கொஞ்சம் வெறைப்பு, ஆனா சரியா வருது" என்றார்.

ரோஸ் அவர் பக்கத்தில் நின்றாள். "மாமா, ஒண்ணே ஒண்ணு நான் விடட்டுமா?"

"புடி. தோள எறக்கிக்க. நாண மூக்கு வரைக்கும் கொண்டா."

அவள் இழுத்தாள். வில்லின் மேற்பாதி அவள் முகத்துக்கு நேரே வளைந்தது. அப்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காய்ந்த விறகு அடுப்பில் போடுமுன் ஒரு தடவை சொடுக்குமே, அந்தச் சத்தம். களத்தில் அதற்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ரோஸ், இழுக்காத. மெதுவா எறக்கு. கீழ போடு அத."

நான் எப்போது எழுந்தேன், எப்போது ஓடினேன் என்று தெரியாது. அவள் பயந்துபோய் நாணைத் தளர்த்தி வில்லைப் புல்லில் போட்டாள். வேலாயுதம் என்னைப் பார்த்தார்.

"என்னாச்சுங்க?"

"அது ஒடிஞ்சிரும்."

"ஏன் ஒடியுது? நல்லாத்தானே இருக்கு."

"காத்தாடிகிட்ட இருந்துச்சு."

"கதவோரத்துலதானே மாட்டுனீங்க. நானே பாத்தேன்."

"மாத்திட்டேன்."

"எப்ப?"

சாக்குச் சொல்ல இடமிருந்தது. ஆட்கள் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ரோஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வில் வளைந்தபோது அவள் கன்னம் இருந்த இடத்தை நான் பார்த்தேன்.

"ஒங்களுக்குப் பத்திரம் வந்த அன்னிக்கி" என்றேன்.

அவர் குனிந்து வில்லை எடுத்து, முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். நடுவில் ஒடிந்தது. பெரிய சத்தம்கூட வரவில்லை.

"பிள்ள மூஞ்சில பட்டிருந்தா?" என்றார். அது ஒன்றுதான் கேட்டார். இரண்டு துண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ரோஸ் வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். ஞானத்திடம் அவளேதான் சொன்னாள். ஒரு வாரம் வீட்டில் என்னிடம் யாரும் தேவைக்கு மேல் பேசவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்ற பதில் வரும். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

7

நாலு நாள் பொறுத்து, என் வில்லை எடுத்துக்கொண்டு அவர் குவாட்டஸுக்குப் போனேன்.

"கண்டாக்கையா, போட்டிக்கு இதுலயே நீங்களும் விடுங்க. மாத்தி மாத்தி விடுவோம்."

"வேணாங்க. அது ஒங்க கைக்குப் பழகுனது. நான் கொழும்புக்கு எழுதிப் போட்டிருக்கேன், புதுசுக்கு. வரும்போது வரட்டும்."

உள்ளே வரச் சொன்னார். தேநீரும் வந்தது. அப்பீலுக்கு ரோஸின் பிறப்புப் பதிவு வேண்டும், மறக்காமல் கொடுத்தனுப்புங்கள் என்றார். அந்தத் தேநீர் என் தொழிற்சாலைத் தூள்தான், குடிக்க முடியவில்லை.

நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வில் ஒடிந்துவிட்டது என்று மட்டும் சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார். அம்பு விடாதவர் புள்ளி எண்ணட்டும் என்று சங்கத்தார் அவரையே இலக்குப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். புள்ளியைக் கூப்பிடுவது அவர், நோட்டில் எழுதுவது ரோஸ்.

போட்டியன்று மஸ்கெலியா மைதானத்தில் நல்ல வெயில். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு மிஞ்சியது நானும், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரும். அவர் முடித்துவிட்டார். எனக்கு ஒரு அம்பு பாக்கி. நடு மஞ்சளில் பட்டால் ஒன்பது, அதைச் சுற்றியுள்ள சிவப்பில் பட்டால் ஏழு. ஒன்பது வந்தால் எனக்குக் கோப்பை, ஏழு வந்தால் அவருக்கு.

விட்டேன். மனசுக்குள் மூன்று எண்ணினேன். அம்பு மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் நின்றது. இங்கிருந்து பார்த்தால் சிவப்பில் நிற்கிற மாதிரிதான் தெரிந்தது. டிஸ்பென்சரின் ஆட்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அம்பின் தண்டு கோட்டைத் தொட்டிருந்தால் பெரிய எண், தொடாவிட்டால் சின்ன எண். எண்ணுகிறவர் சொல்லும்வரை வேறு யாரும் கிட்டே வரக் கூடாது, அம்பைத் தொடவும் கூடாது. வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ரோஸ் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். ஏழு என்று அவர் சொல்லியிருந்தால் அந்த மைதானத்தில் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். நானும்தான்.

"ஒம்பது" என்றார்.

முணுமுணுப்பு எழுந்தது. டிஸ்பென்சரே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, தொட்டிருக்கு" என்று வந்து என் கையைப் பிடித்தார். பிறகு நானும் போய்ப் பார்த்தேன். தொட்டும் தொடாமல் ஒரு மயிரிழை. அதைப் பார்க்க வேண்டுமென்று நினைத்துப் பார்த்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

கோப்பை மறுபடியும் என் ஜன்னலில் இருக்கிறது. ரோஸ் இப்போது பேசுகிறாள். பழைய மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறாள். போட்டிக்கு மறுநாள் காலையிலும் நான் வில்லை எடுத்தேன்.

"ஜெயிச்சாச்சே. இன்னும் என்னங்க?" என்றாள் ஞானம்.

"கண்டாக்கையாவுக்குப் புது வில்லு வந்துரும்" என்றேன்.

அவருடைய பத்திரத்தின் மேல் இருந்த பொறாமை கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. கையெழுத்தின் மேல், இழுத்து நிற்கிற தோளின் மேல், என் மகள் அவரைப் பார்க்கிற பார்வையின் மேல் இருக்கிற பொறாமை அப்படியே இருக்கிறது. இப்போது இன்னொன்றும் கூடியிருக்கிறது. தினமும் காலையில் அம்பைப் பிடுங்கக் குனியும்போது அந்த மயிரிழை ஞாபகம் வருகிறது. அந்த அம்பு அவருடையதாக இருந்து, எண்ணுகிற இடத்தில் நான் நின்றிருந்தால், நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் குனிந்து பார்த்திருப்பேன். பார்த்துவிட்டு, ஏழு என்றுதான் சொல்லியிருப்பேன்.